எங்கம்மாவ சாயங்காலம் கோயிலுக்குள்ள விடுங்க: கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கோயில் கமிட்டி அண்ணன்மாருக்கும் பெரியவங்களுக்கும் மாதர் சங்கத்து அக்காமாருக்கும் வணக்கம்.

கோயில் பேர நான் எழுதல. ரங்கூன்ல நம்ம ஆளுங்க இருக்கற எந்தத் தெருக் கோயில்லயும் இது நடந்திருக்கும், அதனால பேரு எதுக்கு. நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும், நாலாவது மாடியில தையல் மெஷின் வச்சிருக்கறவ, உங்க வீட்டு பொண்ணுங்க ஜாக்கெட் பாதி என் கையில தச்சதுதான். நேர்ல வந்து பேசலாம்னு மூணு தடவ கீழ இறங்கி வந்தேன், மூணு தடவயும் தொண்டை அடைச்சுக்கிச்சு, அதான் எழுதறேன். எல்லாரும் படிக்கட்டும்னுதான் திறந்தே எழுதறேன், ஏன்னா எங்கம்மா மாதிரி மறதி நோய் வந்த ஒருத்தர வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிக்கிட்டு வெளிய சொல்லாம இருக்கற குடும்பம் நம்ம தெருவுலயே இன்னும் ரெண்டு இருக்குன்னு எனக்குத் தெரியும்.

ஆடி மூணாவது வெள்ளிக்கிழமை நடந்தது பாதிப் பேருக்கு அரைகுறையாத்தான் தெரியும். தீபாராதனை முடிஞ்சு பூசாரி அய்யா தட்ட எடுத்துக்கிட்டு வரிசையா வந்தாரு, எங்கம்மா கைய நீட்டினாங்க, திருநீறு எடுக்கத்தான் நீட்டுறாங்கன்னு நான் நினைச்சேன், பாத்தா தட்டுல கிடந்த பர்மாக் காசு, ஆயிரம் ஜாட் நோட்ட எல்லாம் பொறுக்கி எடுத்து ஒண்ணொண்ணா விளக்கு வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, "இது செல்லாது, இதுவும் செல்லாது, யாருடா உங்கள இத வாங்கச் சொன்னது, ஓடுங்க, பேங்க்கு மூடிருவான்"னு சத்தம் போட்டாங்க. பூசாரி அய்யா பாவம், தட்டோட ரெண்டடி பின்னாடி போய்ட்டாரு, கற்பூரம் அணைஞ்சு போச்சு. பின்னாடி சில பேரு சிரிச்சாங்க, சில பேருக்கு கோவம், அம்மன் சன்னதியில கற்பூரம் அணையறது என்ன சகுனம்னு ஒரு அக்கா கேட்டது என் காதுலயே விழுந்துச்சு. அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை கமிட்டியிலேந்து ஒருத்தர் மாடி ஏறி வந்து, மரியாதையாத்தான், "கொஞ்ச நாளைக்கு கோயிலுக்கு கூட்டிட்டு வராதம்மா, வீட்டுல வச்சே பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் சரின்னு தலைய ஆட்டிட்டேன். காப்பி போட்டுக் குடுத்து அனுப்பினேன் வேற.

அந்த நோட்டு விஷயத்த முதல்ல சொல்லிடறேன். எங்கம்மா பொறந்தது 1946ல. 1964 மார்ச்சுல கடைய எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப எங்க தாத்தாவோட துணிக்கடையும் போச்சு, அதே வருஷம் மே மாசம் 50, 100 ஜாட் நோட்டு செல்லாதுன்னு சொன்னாங்க, அம்மாவுக்கு அப்ப 18 வயசு. அப்புறம் 1985ல மறுபடி 20, 50, 100 செல்லாதுன்னாங்க. 1987 செப்டம்பர்ல 25, 35, 75 ஜாட் நோட்டு, அந்தத் தடவ மாத்திக்கக்கூட விடல. எனக்கு 13 வயசு, நல்லா ஞாபகம் இருக்கு. அம்மா எங்க ஸ்கூல் செலவுக்குன்னு அரிசி டப்பாக்குள்ள சேத்து வச்சிருந்த 75 ஜாட் நோட்ட எல்லாம் எடுத்து தரையில பரப்பி வச்சுக்கிட்டு ஒண்ணுமே பேசாம உக்காந்திருந்தாங்க, அப்புறம் ஒரு தலகாணி உறைக்குள்ள போட்டுத் தச்சுட்டாங்க. அந்த தலகாணி இன்னும் எங்க வீட்டுல இருக்கு. அப்ப அம்மா கோயில்ல சொன்னது என்ன பைத்தியக்காரப் பேச்சா? இந்த ஊர்ல மூணு தடவ நடந்தததான் சொன்னாங்க. என்ன, தேதிதான் கொஞ்சம் தப்பு.

ராத்திரி எங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு யாரும் பாத்ததில்ல. பகல்ல மாடிப்படியில பாக்கறப்ப "அம்மா நல்லாத்தான இருக்காங்க, நம்மள பாத்து சிரிக்கிறாங்களே"ம்பீங்க. சிரிப்பாங்க, காலையில 11 மணிக்கு சிரிப்பாங்க. சாயங்காலம் நாலு நாலரைக்கு ஆரம்பிக்கும், முதல்ல முந்தானைய முறுக்குவாங்க, அப்புறம் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பாங்க, "நேரமாச்சு வீட்டுக்குப் போவணும்"னு சொல்லுவாங்க, இதான்மா வீடுன்னா என்ன ஒரு பார்வ பாப்பாங்க பாருங்க, அந்த பார்வைய நான் யாருக்கும் விளக்க முடியாது. இருட்டினதும் இன்னும் ஜாஸ்தியாவும். எட்டு மணிக்கு கொஞ்சம் கண்ண மூடுவாங்க, பத்துக்கு எழுந்துருவாங்க, அப்புறம் விடியற வரைக்கும் பாய சுருட்டி தோள்ல வச்சுக்கிட்டு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடைதான். தலகாணிய பிரிக்கணும், அலமாரிய கொட்டணும், கதவு தாழ்ப்பாள ஆட்டணும். நான் பக்கத்துல படுத்திருப்பேன், சத்தம் நின்னா பயம், சத்தம் கேட்டாலும் பயம். காலையில எட்டு மணிக்கு மெஷின்ல உக்காந்தா ஊசி எது துணி எதுன்னு தெரியாது, போன மாசம் ஆள்காட்டி விரல்ல ஊசி நேரா இறங்கிருச்சு.

ராத்திரியில போறதுக்கு அம்மாவுக்கு ஒரு இடம் இருக்கு, ஹார்பர். 1964 கடைசியில எங்க பெரிய மாமா மெட்ராசுக்கு கப்பல் ஏறினாரு, அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க லட்சக்கணக்குல போனாங்களே அப்ப. சுங்கத்துல நகைய கழட்டி வாங்கிக்கிட்டாங்களாம், மாமாவோட கடுக்கன்கூட போச்சாம். அம்மா வழியனுப்பப் போவல, தாத்தாவுக்கு காய்ச்சல்னு வீட்டுல இருந்துட்டாங்க. மாமா வியாசர்பாடியில பர்மாக்காரங்க காலனியில இருந்தே காலமாயிட்டாரு, பன்னண்டு வருஷம் ஆவுது. ஆனா அம்மாவுக்கு தினமும் ராத்திரி அந்தக் கப்பல் புறப்படப் போவுது.

போன வருஷம் ஜூலையில நல்ல மழை, கரண்ட் இல்ல, வீட்டுல நானும் என் பொண்ணும்தான். வீட்டுக்காரரு தீலவா பக்கம் குடோன்ல வேல, வாரத்துக்கு ஒருக்கா வருவாரு. பையன் தாய்லாந்துல இருக்கான், ஏன் போனான்னு உங்களுக்கே தெரியும். அன்னிக்கு ராத்திரி நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். மடக்கு கேட்டுல பூட்டு மாட்டினேன், அமுக்கல போல. அம்மா அந்த கும்மிருட்டுல நாலு மாடி இறங்கிட்டாங்க, நம்ம மாடிப்படி எப்பிடின்னு சொல்லவே வேணாம், பகல்லயே கைப்பிடி பிடிச்சுத்தான் இறங்கணும். தெருவுல இறங்கி தெக்க பாத்து ஆத்துப் பக்கமா நடந்திருக்காங்க, ஸ்ட்ராண்ட் ரோடு வரைக்கும். வழியில நின்னவங்க பர்மா பாஷையில கேட்டிருக்காங்க, யாரு, வீடு எங்க, இந்நேரத்துல எங்க போறேன்னு. அம்மா தமிழ்ல பதில் சொல்லியிருக்காங்க. வீடு எங்கன்னா டல்ஹௌசி ரோடு, பிரேசர் தெருங்கறாங்க. இப்ப யாருக்குத் தெரியும் டல்ஹௌசின்னா மகாபந்துலா ரோடு, பிரேசர்னா அனவ்ரத்தா ரோடுன்னு? ஊரடங்கு நேரம் வேற, 2021 பிப்ரவரியில ஆரம்பிச்சதுலேந்து மாத்தி மாத்தி வச்சுக்கிட்டே இருந்தாங்க. ராத்திரி வெளிய நிக்கறவங்கள எல்லாரும் ஒரே கண்ணாலதான் பாப்பாங்க. டீக்கடை திறக்க வந்த ஒரு சூலியா பாய், தமிழ் முஸ்லிம்தான், அவரு காதுல தமிழ் விழுந்திருக்கு. "ஆத்தா, கப்பல் லேட்டு, வாங்க டீ குடிச்சிட்டுப் போவலாம்"னு கூட்டிட்டுப் போய் உக்கார வச்சு, பாதி நனைஞ்ச புடவைக்கு மேல தன்னோட கைலிய போத்தி, ஒருத்தர அனுப்பி விசாரிச்சு அஞ்சு மணிக்கு வீட்டுல கொண்டாந்து விட்டாரு. அவருக்கு நான் என்ன செய்யப் போறேன், சொல்லுங்க.

அதுக்கப்புறம் நான் செஞ்சத எல்லாம் மறைக்காம எழுதறேன், இந்த ஒரு இடத்துல பொய் சொன்னா மடல் எழுதறதே வேஸ்ட்டு. முதல்ல அம்மா கைய என் தாவணித் துணியால கட்டில் கால்ல கட்டினேன். ஒரே ஒரு ராத்திரி. விடியறதுக்குள்ள மணிக்கட்டு சிவந்து போச்சு, அம்மா அழல, "நான் என்ன திருடினேன்"னு மட்டும் கேட்டாங்க. அடுத்தது மாத்திரை. மருந்துக்கடையில சொன்னா அவங்களே கலந்து பொட்டலமா மடிச்சுத் தருவாங்க, அதுல என்ன இருக்குன்னு நாமளும் கேக்க மாட்டோம். ஒரு மாத்திரையில தூங்கலன்னு ரெண்டு குடுத்தேன். தூங்கினாங்க, அப்புறம் மூணு மணிக்கு பாத்ரூம் போக எழுந்து அப்படியே சாஞ்சாங்க, புருவத்துல அஞ்சு தையல். கண்ணுக்கு மேல அந்த தழும்ப நீங்க பாத்திருப்பீங்க, தடுக்கி விழுந்தாங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொன்னது பொய்.

தையல் பிரிக்கப் போனப்பதான் ஒரு டாக்டரம்மா அரை மணி நேரம் உக்கார வச்சு பேசினாங்க. இந்த மறதி நோய்க்கு பர்மா பாஷையில துங்கேப்யான்னு சொல்லுவாங்க, திரும்ப சின்னப் புள்ளையா போறதுன்னு அர்த்தம். கேக்க நல்லாருக்கு, ஆனா சின்னப் புள்ள தினம் ஒண்ணு கத்துக்கும், இவங்க தினம் ஒண்ண விட்டுட்டு வராங்க, ரெண்டும் ஒண்ணா? தூக்க மாத்திரையில கால் தள்ளாடும், குழப்பம் கூடும், வயசானவங்க விழறதுக்கு அதுவே பெரிய காரணம்னாங்க. சளி மாத்திரை, அரிப்பு மாத்திரைன்னு நாம சாதாரணமா வாங்கிப் போடறோமே தூக்கம் வருதுன்னு, அதுல சிலது இந்த மாதிரி மூளைய இன்னும் குழப்பி விடும்னாங்க. மனநோய்க்குக் குடுக்கற பலமான மாத்திரைய இவங்களுக்கு சும்மா பழக்கமா குடுக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து கூடுதுன்னு அமெரிக்காவுல 2005லயே எச்சரிக்கை போட்டாங்களாம், வேற வழியே இல்லாதப்ப டாக்டர் பாத்து கொஞ்ச நாளைக்கு குடுக்கறது வேற. திடீர்னு ஒரே நாள்ல ரொம்ப மோசமானா மறதி முத்திருச்சுன்னு நினைக்காத, மூத்திரத்துல கிருமி இருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம், எங்கயாவது வலி இருக்கும், சொல்லத் தெரியாம நடப்பாங்க, உடனே கொண்டு வான்னாங்க. பிரஷருக்கு அம்மா ராத்திரி போட்டுக்கிட்டிருந்த நீர் மாத்திரைய காலைக்கு மாத்திக் குடுத்தாங்க, அதுலயே ராத்திரி எழுந்திரிக்கறது ரெண்டு தடவ குறைஞ்சுது. இத எனக்கு மூணு வருஷம் முன்னாடி ஒருத்தரும் சொல்லலயேன்னு வயிறு எரிஞ்சுது.

இப்ப, அம்மாவுக்குப் பேய் பிடிச்சிருக்குங்கற விஷயம். உங்கள்ல யாரு வேப்பிலை குடுத்து விட்டது, யாரு வெள்ளிக்கிழமை மந்திரிக்கணும்னு சொன்னதுன்னு எனக்குத் தெரியும், கோவமில்ல, பாசத்துலதான் செஞ்சீங்க. ஆனா ஒண்ணு கேளுங்க. 1901ல ஜெர்மனியில ஃப்ராங்ஃபர்ட்ங்கற ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒரு பொம்பளைய கூட்டிட்டு வந்தாங்க, 51 வயசு, என் வயசு. படுக்கைய இழுத்துக்கிட்டு அலையறாங்க, சாமான ஒளிச்சு வைக்கிறாங்க, புருஷனையும் பொண்ணையும் கூப்பிட்டு கத்தறாங்க. பாத்த டாக்டர் பேரு அல்சைமர். அவங்க இறந்தப்புறம் மூளைய மைக்ராஸ்கோப்புல பாத்து, மூளை சுருங்கியிருக்கு, செல்லுக்குள்ள நார் முடிச்சு, வெளிய திட்டுத் திட்டா படிவுன்னு 1906ல ஒரு கூட்டத்துல சொன்னாரு. அந்த நோய்க்கு அவர் பேர்தான் வச்சிருக்கு. படுக்கைய இழுத்துக்கிட்டு அலைஞ்சாங்கங்கறத என் பொண்ணு ஃபோன்ல படிச்சு பர்மாவுல சொன்னப்ப, பாய தோள்ல போட்டுக்கிட்டு எங்கம்மா எதிர்ல நிக்கறாங்க. ஜெர்மனிக்கார அம்மாவுக்கும் நம்ம தெரு முனை புளியமரத்துப் பேயா பிடிச்சுது? உலகம் பூரா 2021 கணக்குப்படி 5 கோடியே 70 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அத்தன பேருக்கும் மந்திரிக்க வேப்பிலை பத்தாது.

சரி, கோயிலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. அதத்தான் சொல்ல வந்தேன், சுத்தி வளைச்சுட்டேன்.

கண்ணுலேந்து போற ரெண்டு நரம்பும் உள்ள குறுக்க வெட்டிக்கிற இடத்துக்கு மேல சின்னதா ஒரு இடம் இருக்காம், உடம்போட கடிகாரம் அதான். வெளிச்சம் பட்டா பகல், இருட்டினா ராத்திரின்னு அது உடம்புக்கு சொல்லும். இந்த நோய்ல அந்த இடமும் சேந்து தேயுது. அதனால அம்மாவுக்கு தூக்கம் துண்டு துண்டாயி பகல்ல ரெண்டு மணி நேரம், ராத்திரி ரெண்டு மணி நேரம்னு சிதறிப் போவுது. கடிகாரம் தேஞ்சு போனா வெளியிலேந்து நாமதான் சாவி குடுக்கணும், காலையில நல்ல வெளிச்சம், பகல்ல உடம்புக்கு வேல, சாயங்காலம் அந்த பொல்லாத நேரத்துல தெரிஞ்ச முகம், கைக்கு ஏதாவது ஒரு வேல. எங்க வீட்டுல வெளிச்சம் ஏது? நம்ம தெரு வீடெல்லாம் ரயில்பெட்டி மாதிரி நீளமா இருக்கும், முன்னாடி ஒரு வராந்தா, பின்னாடி அடுப்படி, நடுவுல பகல்லயே லைட்டு போடணும், கரண்ட்டு எப்ப வரும் எப்ப போவும்னு அதுக்கொரு அட்டவணை. அதனால காலையில ஆறரைக்கு அம்மாவ மெதுவா கீழ இறக்கி, டீக்கடை சின்ன ஸ்டூல்ல கிழக்க பாத்து ஒரு மணி நேரம் உக்கார வைக்கிறேன். மதியம் அரை மணிக்கு மேல படுக்க விடறதில்ல. ரெண்டு மணிக்கப்புறம் டீ கிடையாது, அதுக்கு தினமும் சண்டை. நிலைக்கண்ணாடிய துணி போட்டு மூடிட்டேன், அதுக்குள்ள ஒரு கிழவி நின்னு தன்னையே பாக்கறான்னு அம்மா சொன்னதால. பாத்ரூம் வழியில பேட்டரி லைட்டு. நம்ம வராந்தாவுலேந்து தெருவுக்கு கயிறு தொங்கவிட்டு மணி கட்டியிருப்போமே, கீழேந்து இழுத்தா மேல கேக்கற மாதிரி, அந்த மணிய அவுத்து கதவுத் தாழ்ப்பாள்ல கட்டிட்டேன், இப்ப பால்காரரு கீழேந்து கத்தறாரு, கத்தட்டும்.

ராத்திரி கப்பல் வந்துருச்சும்பாங்க, நான் மாமா செத்துட்டாருன்னு சொல்றத நிறுத்திட்டேன். முன்னாடி சொல்லிக்கிட்டிருந்தேன், ஒவ்வொரு தடவயும் அம்மா புதுசா அழுதாங்க, ஒரே சாவுக்கு எத்தன தடவ அழ வைக்கிறது. இப்ப, "சுங்கத்துல ஆறு மணிக்குத்தான் கேட்டு திறப்பாங்களாம், மாமாவுக்கு கட்டிக்குடுக்க புளிசாதம் ஆறட்டும், வாங்க உக்காருங்க"ம்பேன். உக்காருவாங்க. பொய்தான். அம்மன் மன்னிப்பா.

இத்தன செஞ்சும் அந்த நாலு மணியிலேந்து ஆறு ஆறரை வரைக்கும் இருக்கே, அத மட்டும் என்னால வீட்டுல வச்சு சமாளிக்க முடியல. அந்த ரெண்டு மணி நேரம் நல்லபடியா போனா ராத்திரி பாதி நல்லாருக்கு, அது கெட்டா விடியற வரைக்கும் கெட்டுது, இத நான் நோட்டுல எழுதி வச்சுப் பாத்திருக்கேன். ஆடி வெள்ளிக்கு முன்னாடி ரெண்டு மாசம் நான் அம்மாவ தினமும் நாலரைக்கு கோயிலுக்கு கூட்டிட்டு வந்தேன், மண்டபத்துல தூண் பக்கம் உக்கார வச்சேன், யாரும் கவனிச்சிருக்க மாட்டீங்க, ஏன்னா அம்மா சத்தமே போடல. மணி சத்தம், சாம்பிராணி வாசன, கழுவி விட்ட கல்லு, நூறு தடவ கேட்ட பாட்டு. வீட்டுக்குப் போவணும் வீட்டுக்குப் போவணும்னு துடிக்கறவங்க அங்க உக்காந்து ஒரு நாள்கூட அத சொல்லல, நீங்களே யோசிச்சுப் பாருங்க. அந்த ரெண்டு மாசத்துல ஒரு ராத்திரிக்கு ரெண்டு தடவதான் எழுந்தாங்க, மூணு மணி நேரம் சேந்தாப்பல தூங்கினாங்க. வராதேன்னு சொன்ன அப்புறம் மறுபடி பாய் தோளுக்கு ஏறிருச்சு.

இன்னொண்ணும் இருக்கு. எங்கம்மா முப்பது வருஷம் அம்மனுக்கு மாலை கட்டினவங்க. வயசுல மூத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், தீமிதிக்கு முந்தின நாள் ராத்திரி முழுக்க கூடை கூடையா பூவ கொட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, காசு வாங்கினதில்ல. போன மாசம் ரோட்டுல டாக்சிக்காரங்களுக்கு விக்கிற மல்லிச்சரத்த வாங்கிட்டு வந்து சும்மா அம்மா மடியில போட்டேன். சரத்த பிரிச்சாங்க, பூவ தனியா குவிச்சாங்க, "நார் எங்க"ன்னாங்க. வாழைநார் கிடைக்கல, தையல் நூல குடுத்தேன், எச்சில் தொட்டு விரல்ல சுத்தி, இந்தப் பக்கம் ரெண்டு அந்தப் பக்கம் ரெண்டு, ஒரு சுத்து, ஒரு இழுப்பு. என் பேரு தெரியல அம்மாவுக்கு, என்ன தையக்காரிங்கறாங்க, ஆனா விரலு ஒரு தடவகூட தப்பல. ஒண்ணரை மணி நேரம் எழுந்திரிக்கவே இல்ல. கட்டு கொஞ்சம் தளர்ச்சிதான், நான் பின்னாடி இறுக்கிடறேன், தெரியாது.

அதனால நான் கேக்கறது இதான். தினமும் நாலரையிலேந்து ஆறரை வரைக்கும் மண்டபத்துல பின் தூண் பக்கம் ஒரு பாய் போடற இடம் குடுங்க. பூவ நான் வாங்கிட்டு வரேன், அம்மா கட்டட்டும், சாமிக்குப் போடறதும் போடாததும் பூசாரி அய்யா இஷ்டம். தீபாராதனை தட்டு வரும்போது நான் அம்மா கைய பிடிச்சுக்கிட்டு வெளிப் பிரகாரத்துக்குப் போய்டறேன், தட்டும் அம்மாவும் சந்திக்கவே வேணாம். அந்த பாய்ல எங்கம்மா மட்டும் உக்காரணும்னு இல்ல, மேல சொன்ன ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் வரட்டும், நான் ஒருத்தியே மூணு பேரையும் பாத்துக்கறேன், கையில ஊசி வேல இருந்தா எங்க உக்காந்தாலும் எனக்கு ஒண்ணுதான்.

இன்னொண்ணு, தமிழ் வகுப்பு வாத்தியாருக்கு. அம்மா பர்மா பாஷைய மறந்துட்டாங்க. மார்க்கெட்டுல நாப்பது வருஷம் பேசி பேரம் பண்ணின பாஷ, போயே போச்சு, பின்னால கத்துக்கிட்டது முன்னால போவும்னாங்க டாக்டரம்மா. என் பொண்ணுக்கு தமிழ் காதுல விழுந்தா புரியும், வாயில வராது. ஒரே வீட்டுல பாட்டியும் பேத்தியும் நான் நடுவுல நின்னு மொழிபெயர்த்தாத்தான் பேசிக்கணும், ராத்திரி ரெண்டு மணிக்கு என் பொண்ணு பாட்டிய ஒரு மணி நேரம் பாத்துக்கறேன் நீ தூங்கும்மான்னு எழுந்து வந்தா பாட்டி அவள யாரோ பர்மாப் பொண்ணு திருட வந்திருக்கான்னு விரட்டறாங்க. 1960கள்ல தமிழ் சொல்லிக்குடுத்த ஸ்கூலெல்லாம் கைய விட்டுப் போனப்புறம் கோயில் வகுப்புதான் நமக்கு மிச்சம், அதுல பிள்ளைங்க பத்து வருஷமா அ ஆ எழுதிக்கிட்டிருக்கு, பேச ஆள் இல்ல. இங்க பேசறதுக்குன்னே மூணு கிழவிங்க உக்காந்திருக்கப் போறாங்க. வாரத்துக்கு ஒரு நாள் ரெண்டு ரெண்டு பிள்ளையா அனுப்புங்க. "என்ன குழம்பு வச்சீங்க"ன்னு ஒரு பிள்ள கேட்டா போதும், எங்கம்மா பதினஞ்சு நிமிஷம் பேசுவாங்க, அதே குழம்ப மூணு தடவ வைப்பாங்க, பிள்ளைங்களுக்கும் மூணு தடவ கேட்டா நல்லா படியும்.

ராத்திரிக்கு நான் யாரையும் கூப்பிடல. கூப்பிட முடியாதுங்கறதும் தெரியும், வெளி ஆள் ராத்திரி தங்கினா வார்டு ஆபீசுல பதியணும், யாரு அதுக்கு அலைவா. மாதர் சங்கத்துல யாராவது ஒரு அக்கா மாசத்துல ஒரு ராத்திரி வரேன்னு சொன்னா அந்த பதிவுக்கு நான் போறேன், கமிட்டி லெட்டர்ஹெட்டுல ரெண்டு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா எனக்கு சுலபம். குடுக்கலன்னாலும் பரவாயில்ல. ஆனா அம்மா ஃபோட்டோவும் என் நம்பரும் போட்ட சீட்டு ஒண்ண அடிச்சிருக்கேன், பர்மாவுலயும் தமிழ்லயும். அத கோயில் போர்டுல ஒட்ட விடுங்க, ராத்திரி காவல்காரருகிட்டயும் ஒண்ணு குடுங்க. டீக்கடை பாய்கிட்ட குடுத்துட்டேன், அவரு கல்லாப்பெட்டிக்கு மேலயே ஒட்டிட்டாரு.

மைக் செட்டு பத்தியும் எழுதணும்னு இருந்தேன், புரட்டாசி வரப் போவுது, அத அப்புறம் நேர்ல சண்டை போட்டுக்கலாம்.

வர்ற வெள்ளிக்கிழமை நாலரைக்கு அம்மாவ கூட்டிட்டு வரேன். வேணாம்னா அதுக்குள்ள மாடி ஏறி வந்து சொல்லிடுங்க, இந்தத் தடவ நான் தலைய ஆட்ட மாட்டேன், காப்பி மட்டும் தருவேன். வாசல்ல செருப்பு பாத்துக்கற தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லி வைங்க, எங்கம்மா திரும்பும்போது எந்த செருப்பு புதுசா இருக்கோ அததான் போட்டுக்கிட்டு வருவாங்க, காணோம்னா யாரும் தேட வேணாம், நாலாவது மாடியில இருக்கும்.

இப்படிக்கு,
தையக்காரி